வில்லின் நாண், கையின் நாண்

போன வருஷம் கல்லூரியில் வில்வித்தைப் பயிற்சிக்குச் சேர்ந்தேன். என் வகுப்பில் எல்லாருக்கும் இந்தக் கதை தெரியும், தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆரம்பத்தில் கொடுத்தது 24 பவுண்டு வில். நாணை முழுசாக இழுத்துப் பிடிக்க எவ்வளவு பலம் வேண்டுமோ, அதைத்தான் பவுண்டில் சொல்வார்கள். 24 பவுண்டு என்றால் கிட்டத்தட்ட 11 கிலோ. ஆறே வாரத்தில் எனக்குத் திமிர் வந்துவிட்டது. சீனியர் அண்ணா ஒருவரிடம் கெஞ்சி அவருடைய 38 பவுண்டு வில்லை வாங்கி, ஒரு சனிக்கிழமை முழுக்க அம்பு விட்டேன். நூறுக்கு மேல் இருக்கும். திங்கட்கிழமை காலை டீ டம்ளரைத் தூக்கும்போது இடது முழங்கையின் வெளிப்பக்கம் சுரீர் என்றது.

அதற்கப்புறம் மூன்று மாதம் துணி பிழிந்தால் வலி, பூட்டைத் திறந்தால் வலி, யாராவது கை குலுக்கினால் இன்னும் வலி. வில்லைத் தொடக்கூடாது என்று உத்தரவு. சும்மா உட்கார்ந்திருந்த நாட்களில் ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. நூறு அம்புக்கே எனக்கு இந்த கதி என்றால், அம்பு விடுவதையே பிழைப்பாக வைத்திருந்தவர்களின் கை என்ன ஆகியிருக்கும்?

ராஜாக்கள் கதையில் இதற்குப் பதில் கிடையாது. வில்லாளி எத்தனை பேரைக் கொன்றான் என்று எழுதுவார்கள், மறுநாள் அவன் கை எப்படி இருந்தது என்று யாரும் எழுதமாட்டார்கள். ஆனால் ஒரு கூட்டத்தாரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விவரமாகத் தெரியும். இங்கிலாந்தின் நீள்வில்லாளர்கள். காரணம், அவர்களுடைய வில்லும் கிடைத்திருக்கிறது, எலும்பும் கிடைத்திருக்கிறது.

எலும்புக்குப் போகுமுன் வலி எங்கே வருகிறது என்று பார்த்துவிடுவோம். தமிழில் ஒரு வசதி இருக்கிறது. வில்லில் கட்டியதும் நாண், தசையை எலும்போடு கட்டியதும் தசைநாண். இடது கையால் வில்லைப் பிடிப்பவர் மணிக்கட்டு ஆடாமல் இருக்க இறுக்கிப் பிடிப்பார். அந்த இறுக்கத்தைத் தாங்குகிற தசைகளெல்லாம் முழங்கையின் வெளிப்பக்கத்து எலும்பு முண்டில் போய் முடிகின்றன. வலது கையில் கதை வேறு. அங்கே விரல்கள் கொக்கி மாதிரி நாணை இழுக்கின்றன. விரலை மடக்குகிற தசைகள் முன்கை வழியாக ஏறி முழங்கையின் உள்பக்கத்தில் முடிகின்றன. ஆக, பிடிக்கிற கையில் வெளிப்பக்கமும் இழுக்கிற கையில் உள்பக்கமும் அடி வாங்குவது இயல்பு. இது போதாதென்று, விடுபட்ட நாண் முன்கையில் பளாரென்று அறைவதும் உண்டு. அது தனிக் கணக்கு.

இப்போது 1545-க்குப் போவோம். அந்த வருஷம் ஜூலை 19-ஆம் தேதி, எட்டாம் ஹென்றியின் போர்க்கப்பல் மேரி ரோஸ், போர்ட்ஸ்மத் அருகே சோலன்ட் கடலில் மூழ்கியது. கப்பலில் இருந்தவர்களில் மிகச் சிலர்தான் பிழைத்தார்கள். சேறு மூடியதால் உள்ளே இருந்ததெல்லாம் கெடாமல் கிடந்தது. 1982 அக்டோபரில் கப்பலின் மிச்சத்தை மேலே தூக்கினார்கள். நூற்றுக்கு மேற்பட்ட வில்கள், ஆயிரக்கணக்கான அம்புகள், குறைந்தது 179 பேருடைய எலும்புகள் கிடைத்தன.

முதல் அதிர்ச்சி வில்லில் இருந்தது. எல்லாம் யூ மரத்தில் செய்தவை, பெரும்பாலும் ஆறடிக்கு மேல் நீளம். பழைய மரத்தை முழுசாக இழுத்துப் பார்க்க முடியாது, ஒடிந்துவிடும். அளவெடுத்துக் கணக்குப் போட்டும், அதே மாதிரி புது வில் செய்தும் பார்த்தார்கள். 100 பவுண்டிலிருந்து 185 பவுண்டு வரை வந்தது! இன்றைக்கு ஒலிம்பிக்கில் ஆண்கள் பயன்படுத்துவது பெரும்பாலும் 50 பவுண்டை ஒட்டித்தான். நான் கெஞ்சி வாங்கின 38 பவுண்டை இங்கே சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

இரண்டாவது அதிர்ச்சி எலும்பில். அந்த எலும்புகளை வருஷக்கணக்கில் ஆராய்ந்தவர் ஆன் ஸ்டர்லண்ட் என்ற அம்மையார். தோள்பட்டை எலும்பின் நுனியில் ஒரு சின்னத் துண்டு இருக்கிறது. சிறு வயதில் தனியாக இருந்து, சுமார் இருபது வயதுக்குள் மற்ற எலும்போடு ஒட்டிக்கொள்ள வேண்டும். மேரி ரோஸ் ஆட்களில் 12 சதவீதத்துக்கும் மேற்பட்ட தோள்பட்டை எலும்புகளில் அது ஒட்டவே இல்லை. இது சாதாரண ஜனங்களிடம் காண்பதைவிட அதிகம். சின்ன வயதிலிருந்தே கனமான வில்லை இழுத்து இழுத்து, அந்தத் துண்டு சேர நேரமே கிடைக்கவில்லை என்பது அவருடைய முடிவு. எலும்பு வாய் திறந்து "நான் வில்லாளி" என்று சொல்லாதுதான். இதே குறை வேறு காரணத்தாலும் வரலாம் என்பவர்களும் உண்டு. ஆனாலும் போர்க்கப்பலில், இத்தனை வில்லுக்கு நடுவே, இத்தனை பேருக்கு என்றால் யோசிக்க வேண்டியிருக்கிறது.

சரி, தோள் ஆயிற்று. என் அக்கறை முழங்கையில் அல்லவா? அதற்கு இன்னும் 84 வருஷம் பின்னால் போக வேண்டும். 1461 மார்ச் 29, யார்க்‌ஷயரில் டௌட்டன் என்ற ஊர். ரோஜாப் போர்களிலேயே மிகக் கொடூரமான சண்டை, அதுவும் கொட்டுகிற பனியில். காற்று யார்க் கட்சிக்குச் சாதகமாக அடித்ததால் அவர்களுடைய அம்பு தூரம் போனது, எதிரிகளுடைய அம்பு பாதியில் விழுந்தது என்பார்கள். 1996-ல் அங்கே கட்டட வேலைக்குத் தோண்டும்போது செத்தவர்களை மொத்தமாகப் புதைத்த ஒரு குழி கிடைத்தது. முப்பத்துச் சொச்சம் பேர். தலையில் விழுந்த வெட்டுகளைப் பற்றித்தான் எல்லாரும் எழுதுவார்கள். என் கண் போனது வேறு இடத்துக்கு. அந்தக் கூட்டத்திலேயே முழங்கையின் உள்பக்கத்து முண்டு பிய்ந்து, பிறகு ஆறிய அடையாளம் இருந்தது. அது பெரியவர்களுக்கு வருகிற காயம் இல்லை. எலும்பு இன்னும் முற்றாத வயதில், இழுக்கிற தசை எலும்பையே கொஞ்சம் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். இன்றைக்கு அமெரிக்காவில் பேஸ்பால் பந்து வீசுகிற சிறுவர்களிடம் இதைப் பார்க்கிறார்கள். அப்படியானால் அந்த ஆள் பத்துப் பதினைந்து வயதில் என்ன செய்துகொண்டிருந்தான்? வில் இழுத்துக்கொண்டிருந்தான் என்பதுதான் ஆய்வாளர்களின் ஊகம். வலித்திருக்கும், கட்டுப் போட்டிருப்பார்கள், ஆறியிருக்கும், மறுபடி வில்லை எடுத்திருப்பான். கடைசியில் அதே வேலைக்காகவே செத்துப்போயிருக்கிறான்.

எனக்கு வந்தது தசைநாண் வலி. அது எலும்பில் பதியாது, மண்ணில் மட்கிப்போய்விடும். அதனால் இந்த எலும்புக்கூடுகளில் எத்தனை பேர் டம்ளர் தூக்க முடியாமல் தவித்தார்கள் என்று யாராலும் எண்ணிச் சொல்ல முடியாது. நமக்குக் கிடைப்பது மிகப் பெரிய காயங்களின் கணக்கு மட்டும்தான்.

ஆனால் 185 பவுண்டு வில்லை வருஷக்கணக்கில் இழுத்தும் பெரும்பாலானவர்களின் கை தாங்கியிருக்கிறது. எப்படி? இதற்கு ஒரு பாதிரியார் பதில் சொல்லியிருக்கிறார். 1549-ல் ஹ்யூ லாட்டிமர், சிறுவனாக இருந்த ஆறாம் எட்வர்டு ராஜாவின் முன்னால் ஒரு பிரசங்கம் செய்தார். ஜனங்கள் வில்லை விட்டுவிட்டுக் கெட்ட வழியில் போய்விட்டார்கள் என்று திட்டுகிற நடுவில் தன் அப்பாவைப் பற்றிச் சொல்கிறார். அப்பா ஒரு விவசாயி. மகனுக்கு வயதுக்கும் பலத்துக்கும் ஏற்ற மாதிரி வில் வாங்கிக் கொடுப்பாராம். பையன் வளர வளர வில்லும் பெரிதாகிக்கொண்டே போகும். கை பலத்தால் இழுக்காதே, உடம்பையே வில்லுக்குள் வை என்று கற்றுக்கொடுத்தாராம்.

இதைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எங்கள் பயிற்சியாளர் முதல் நாளிலிருந்து கத்திக்கொண்டிருந்ததும் இதைத்தான்: "கையால இழுக்காதடா, முதுகால இழு!" அவர் லாட்டிமரைப் படித்திருக்க வாய்ப்பில்லை.

லாட்டிமரின் அப்பா செய்தது தனி ஆள் விஷயமும் இல்லை, நாட்டின் சட்டமே அப்படித்தான் இருந்தது. 1363-லேயே மூன்றாம் எட்வர்டு, விடுமுறை நாட்களில் எல்லாரும் வில் பழக வேண்டும் என்று உத்தரவு போட்டார். 1541-ல் எட்டாம் ஹென்றி காலத்துச் சட்டம் இன்னும் விவரமானது. ஏழு வயதிலிருந்து பதினேழு வயது வரையுள்ள பையன்களுக்கு வீட்டில் ஒரு வில்லும் இரண்டு அம்பும் வாங்கித் தர வேண்டும். 24 வயதைத் தாண்டியவர்கள் 220 கெஜத்துக்குக் குறைந்த தூரத்தில் குறி வைத்துப் பழகவே கூடாது. அதாவது ஏறக்குறைய 200 மீட்டர்! பதினைந்து இருபது வருஷம் மெதுவாக ஏற்றிய கைதான் அந்த தூரத்துக்கு அம்பு விட்டது. தசை சீக்கிரம் பலப்பட்டுவிடும், தசைநாண் மெதுவாகத்தான் பலப்படும் என்று இன்றைக்கு மருத்துவர்கள் சொல்கிறார்கள். என்னால் 38 பவுண்டை இழுக்க முடிந்தது தசையின் தைரியத்தில். தசைநாண் அப்போதுதான் 24-ஐயே பழகிக்கொண்டிருந்தது.

மேரி ரோஸ் மூழ்கிய அதே 1545-ல்தான் ராஜர் ஆஸ்கம் 'டாக்சோஃபிலஸ்' என்ற புத்தகத்தை எழுதி எட்டாம் ஹென்றிக்குக் காணிக்கையாக்கினார். வில்வித்தை பற்றி ஆங்கிலத்தில் வந்த முதல் அச்சுப் புத்தகம். நிற்பது, அம்பை நாணில் பொருத்துவது, இழுப்பது, பிடித்து நிறுத்துவது, விடுவது என்று ஐந்தாகப் பிரித்துச் சொல்லிக்கொடுப்பார். முன்கைக் காப்பு பற்றி அவர் சொல்வது சுவாரஸ்யமானது. நாணின் அடியிலிருந்து கையையும், தேய்ந்து போகாமல் சட்டையையும் காப்பாற்ற அது வேண்டும் என்கிறார். கூடவே, வில்லை நன்றாக வளைத்து நாணைக் கைக்கு எட்டாத தூரத்தில் கட்டிவிட்டால் காப்பே தேவைப்படாது என்றும் ஒரு யோசனை. மேரி ரோஸிலும் தோலில் செய்த முன்கைக் காப்புகள் கிடைத்தன. ராஜாவின் வில்லாளிகளுக்கும் நாண் அறை விழுந்திருக்கிறது என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் :-)

இந்த வித்தை எப்படி முடிந்தது என்பதிலும் கைவலிக்குப் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். 1590-ல் இரண்டு பழைய சிப்பாய்கள் புத்தகத்திலேயே மோதிக்கொண்டார்கள். சர் ஜான் ஸ்மைத் வில்தான் சிறந்தது என்றார் (அவர் புத்தகத்தை அரசாங்கம் தடுத்துவிட்டது, பாவம்). சர் ராஜர் வில்லியம்ஸ் துப்பாக்கியின் பக்கம். அவருடைய வாதத்தில் துப்பாக்கி எவ்வளவு தூரம் சுடும் என்பதைவிட மனித உடம்பு பற்றிய பேச்சுதான் எனக்குப் பிடித்தது. 5000 வில்லாளிகளைக் கூட்டினால் பலமாக அம்பு விடுகிறவர் 1000 பேர்கூடத் தேறமாட்டார்கள், மூன்று நான்கு மாதம் படையெடுப்பில் அலைந்தபின் பார்த்தால் 500 பேர் தேறுவதே கஷ்டம் என்கிறார். பசி, குளிர், காய்ச்சல், தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து கையை வீழ்த்திவிடும். துப்பாக்கிக்கு அந்தக் கவலை இல்லை, களைத்தவன் சுட்டாலும் குண்டு ஒரே வேகத்தில்தான் போகும். பழகவும் இருபது வருஷம் வேண்டாம், சில வாரம் போதும். 1595-ல் எலிசபெத் ராணியின் ஆலோசனைக் குழு, ஊர்ப்படைகள் வில்லை விட்டுத் துப்பாக்கிக்கு மாற வேண்டும் என்று உத்தரவிட்டது.

என் வலிக்கு ஒரு பெயர் கிடைக்க இன்னும் முந்நூறு வருஷம் ஆனது. 1873-ல் ருங்க என்ற ஜெர்மன் மருத்துவர் முழங்கையின் வெளிப்பக்க வலியை விவரித்தார், அதுவும் பேனா பிடித்து எழுதுகிறவர்களுக்கு வருவதாக. பத்து வருஷம் கழித்து, இங்கிலாந்தில் புதிதாகப் பரவியிருந்த டென்னிஸ் மேல் பழி விழுந்தது, 'டென்னிஸ் எல்போ' என்ற பெயரும் நிலைத்துவிட்டது. நியாயமாகப் பார்த்தால் வில்லாளிகள் சண்டைக்குப் போக வேண்டிய விஷயம். எனக்கு எழுதிக் கொடுத்த சீட்டிலும் அதே பெயர்தான் இருந்தது. டென்னிஸ் மட்டையை நான் கையால் தொட்டதுகூடக் கிடையாது என்று சொன்னால் வீட்டில் நம்பமாட்டேன் என்கிறார்கள்.

மூன்று மாதம் கழித்து மறுபடி மைதானத்துக்குப் போனேன். பயிற்சியாளர் ஒன்றும் திட்டவில்லை, மூலையில் கிடந்த 18 பவுண்டு வில்லை எடுத்து நீட்டினார். ஒரு நாளைக்கு முப்பது அம்பு, அதற்கு மேல் ஒன்றுகூடக் கிடையாது. மணிக்கட்டை மெதுவாக ஏற்றி இறக்குகிற பயிற்சி தினமும் வீட்டில், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலோடு. இப்போது 22-க்கு வந்திருக்கிறேன். லாட்டிமரின் அப்பா கணக்குப்படி எனக்கு இன்னும் எட்டு வயதுதான் ஆகிறது.