இல்லக் கணிப்பொறியும் இலவசக் காவலனும்

கணிப்பொறி இன்று இல்லங்களிலும் இடம்பெற்றுவிட்டது. ஆனால் வீட்டிலுள்ள கணிப்பொறிகள் எல்லாம் புதியவை அல்ல. அக்காள் கல்லூரியில் படித்தபோது வாங்கியதைத் தம்பி பயன்படுத்துவதும், பழைய கணிப்பொறியைக் குறைந்த விலைக்கு வாங்குவதும் வழக்கமாக உள்ளன. இத்தகைய கணிப்பொறியில் வைரஸ் தடுப்பு நிரல் ஒன்றை ஏற்றியதும் அது நத்தைபோல் நகரத் தொடங்குகிறது. நிரலை நீக்கிவிட்டாலோ அச்சம் பற்றிக்கொள்கிறது. "செலவும் இருக்கக் கூடாது; சுமையும் இருக்கக் கூடாது. எந்த நிரலைத் தேர்ந்தெடுப்பது?" என்பது பலரும் கேட்கும் கேள்வியாகும்.

ஏதேனும் ஒரு பெயரை விடையாகச் சொல்லிவிடுவது எளிது. ஆனால் இன்று சிறந்து விளங்கும் நிரல் நாளையும் அவ்வாறே இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. இந்நிரல்கள் எவ்வாறு தோன்றின, ஏன் கனத்தன, ஏன் இலவசமாயின என்னும் வரலாற்றை அறிந்துகொண்டால், தேர்ந்தெடுக்கும் திறன் நமக்கே வந்துவிடும். அவ்வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

கருத்தில் முளைத்த கிருமி

தன்னைத் தானே படியெடுத்துக்கொள்ளும் எந்திரம் ஒன்று இருக்க முடியுமா என்னும் வினாவை 1940களின் இறுதியில் ஆராய்ந்தவர் கணித மேதை ஜான் வான் நாய்மன். முடியும் என்பதே அவர் கண்ட விடை. அப்போது அது வெறும் கருத்தளவில்தான் இருந்தது.

1971ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பி.பி.என். நிறுவனத்தில் பணியாற்றிய பாப் தாமஸ், இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் வலையில் ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்குத் தானே செல்லும் நிரலை எழுதினார். 'கிரீப்பர்' என்பது அதன் பெயர். தீங்கு செய்வது அதன் நோக்கமன்று. அது ஓர் ஆராய்ச்சியே. அதே நிறுவனத்தைச் சேர்ந்த ரே டாம்லின்சன், கிரீப்பரைத் தேடிப் பிடித்து அழிக்க 'ரீப்பர்' என்னும் நிரலை எழுதினார். வலையமைப்பின் வழியே செல்லும் முதல் மின்னஞ்சலை அனுப்பியவரும் இவரே. ஓடும் நிரலும் துரத்தும் நிரலும் ஆகிய இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒரே இடத்தில் பிறந்தன என்பது குறிப்பிடத்தக்கது.

வீட்டுக் கணிப்பொறிகளிடையே முதலில் பரவியது 'எல்க் குளோனர்' ஆகும். 1982ஆம் ஆண்டில் ரிச் ஸ்கிரெண்டா என்னும் 15 வயது அமெரிக்கப் பள்ளி மாணவர் விளையாட்டாக இதனை எழுதினார். ஆப்பிள் 2 கணிப்பொறியின் பிளாப்பித் தட்டுகள் வழியே இது தொற்றியது. தொற்றிய தட்டிலிருந்து ஐம்பதாவது முறை கணிப்பொறியைத் தொடங்கும்போது திரையில் ஒரு பாட்டு தோன்றும், அவ்வளவுதான்.

முழுமையான காவல் இயலாது

1983ஆம் ஆண்டில், தென் கலிபோர்னியப் பல்கலைக்கழக மாணவர் பிரெட் கோஹன் இத்தகைய நிரல்களை முறையாக ஆய்ந்தார். இவற்றிற்கு 'வைரஸ்' என்னும் பெயரைப் பரிந்துரைத்தவர் அவருடைய ஆசிரியர் லியோனார்டு ஆடில்மன். கோஹன் 1984ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் மிக முக்கியமான உண்மை ஒன்று இருந்தது. எல்லா வைரஸ்களையும் பிழையின்றிக் கண்டுபிடிக்கும் நிரல் ஒன்றை எவராலும் எழுத முடியாது என்பதே அது.

இதனை எளிய முறையில் விளக்கலாம். பிழையே செய்யாத சோதனை நிரல் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். ஒருவர் புதிய நிரல் ஒன்றை எழுதுகிறார். அது முதலில் அந்தச் சோதனை நிரலிடம், "நான் வைரஸா?" என்று கேட்கிறது. "ஆம்" என்று விடை வந்தால் ஒன்றும் செய்யாமல் நின்றுவிடுகிறது. "இல்லை" என்று விடை வந்தால் பிற கோப்புகளில் பரவுகிறது. சோதனை நிரல் "ஆம்" என்றாலும் தவறு, "இல்லை" என்றாலும் தவறு. எனவே பிழையே செய்யாத சோதனை நிரல் இருக்க முடியாது.

எந்த நிறுவனமாவது 'நூற்றுக்கு நூறு பாதுகாப்பு' என விளம்பரம் செய்தால், இக்கணித உண்மையை நினைவுகொள்ள வேண்டும்.

லாகூரிலிருந்து உலகெங்கும்

ஐ.பி.எம். வகைக் கணிப்பொறிகளைத் தொற்றிய முதல் வைரஸ் 'பிரெயின்' ஆகும். பாகிஸ்தானின் லாகூர் நகரில் கணிப்பொறிக் கடை நடத்திவந்த பாசித் அல்வி, அம்ஜத் அல்வி என்னும் சகோதரர்கள் 1986ஆம் ஆண்டில் இதனை உருவாக்கினர். தாங்கள் எழுதிய மருத்துவ நிரலைப் பிறர் திருட்டுத்தனமாகப் படியெடுப்பதைக் கண்டறியவே இதனை எழுதியதாக அவர்கள் கூறினர். வைரஸுக்குள் தங்கள் பெயரையும் முகவரியையும்கூட அவர்கள் எழுதிவைத்திருந்தனர்!

பிளாப்பித் தட்டின் தொடக்கப் பகுதியில் குடியேறிய பிரெயின், தன் எஞ்சிய பகுதியை வைத்த இடங்களைக் 'கெட்டுப்போனவை' எனக் குறித்து மறைத்தது. எவரேனும் தொடக்கப் பகுதியைப் படித்துப் பார்க்க முயன்றால், பழைய நல்ல பகுதியையே எடுத்துக் காட்டி ஏமாற்றியது.

காவலர் தோன்றினர்

இதையடுத்து வியன்னா, ஜெருசலேம் முதலிய வைரஸ்கள் பரவின. அவற்றை எதிர்க்கும் முயற்சிகள் பல நாடுகளில் ஒரே சமயத்தில் எழுந்தன. அமெரிக்காவில் ஜான் மெக்காபி 1987ஆம் ஆண்டில் தம் நிறுவனத்தைத் தொடங்கினார். அதே ஆண்டில் செக்கோஸ்லோவாக்கியாவில் மிரோஸ்லாவ் டிரன்கா, பீட்டர் பாஷ்கோ ஆகியோர் 'நாட்' என்னும் நிரலை எழுதினர். அங்கு அப்போது புகழ்பெற்றிருந்த மருத்துவமனைத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் பெயரைத் தழுவி, 'தட்டின் ஓரத்திலுள்ள மருத்துவமனை' என்று பொருள்படும் தொடரின் சுருக்கமாக இப்பெயர் அமைந்தது. 1988ஆம் ஆண்டில் பிராகா நகரில் பாவெல் பௌடிஷ் வியன்னா வைரஸை நீக்க ஒரு நிரலை எழுதினார். அதுவே பின்னர் 'அவாஸ்ட்' ஆக வளர்ந்தது. நம் நாட்டிலும் 1990களில் சென்னையின் கே7, புனேயின் குவிக் ஹீல் ஆகிய நிறுவனங்கள் இத்துறையில் இறங்கின.

அன்றைய தடுப்பு நிரல்கள் மிக எளியவை. ஒவ்வொரு வைரஸுக்கும் உரிய எண்தொடர் ஒன்றை அடையாளமாகக் கொண்டு, அத்தொடர் கோப்புகளில் உள்ளதா என்று தேடின. காவல் நிலையத்தில் ஒட்டியிருக்கும் குற்றவாளிகளின் படங்களைக் கொண்டு ஆளைப் பிடிப்பதுபோன்ற முறை இது. பயன்படுத்துபவர் வேண்டும்போது நிரலை ஓட்டுவார். வேலை முடிந்ததும் அது நின்றுவிடும். எனவே சுமை என்னும் பேச்சுக்கே இடமில்லை.

சுமை ஏறியது ஏன்?

1990ஆம் ஆண்டில் '1260' என்னும் வைரஸ் வெளிவந்தது. அது ஒவ்வொரு முறை தொற்றும்போதும் தன் உருவை மாற்றிக்கொண்டது. படத்தை வைத்து ஆளைப் பிடிக்கும் முறை இதனிடம் பலிக்கவில்லை. ஆகவே ஐயத்திற்குரிய நிரலை ஒரு பாவனைக் கணிப்பொறிக்குள் ஓடவிட்டு, அதன் நடத்தையைக் கவனிக்கும் முறை வந்தது. இதற்கு மையச் செயலகத்தின் உழைப்பு மிகுதியாகத் தேவைப்பட்டது.

1999ஆம் ஆண்டின் மெலிசாவும் 2000ஆம் ஆண்டின் 'ஐ லவ் யூ'வும் மின்னஞ்சல் வழியே மிக விரைவில் உலகெங்கும் பரவின. வாரம் ஒருமுறை சோதித்தால் போதும் என்னும் காலம் மலையேறியது. ஒவ்வொரு கோப்பும் திறக்கப்படும் அந்தக் கணத்திலேயே சோதிக்கப்பட வேண்டியதாயிற்று. வைரஸ் அடையாளங்களின் பட்டியலும் நாள்தோறும் நீண்டது. போதாக்குறைக்கு, கடவுச்சொற் பெட்டகம், குப்பை நீக்கி, வேகம் கூட்டி எனப் பல பொருள்களை நிறுவனங்கள் தடுப்பு நிரலோடு கட்டித் தந்தன. காவலுக்கு வந்தவர் குடும்பத்தோடு குடியேறிய கதையாயிற்று!

இச்சுமையைக் குறைக்க இரு வழிகள் கண்டறியப்பட்டன. ஒருமுறை சோதித்த கோப்பு மாறாமல் இருந்தால் அதை மீண்டும் சோதிக்காமல் விடுவது ஒன்று. சோதனையின் பெரும்பகுதியை இணையத்தின் வழியே நிறுவனத்தின் பெருங்கணிப்பொறிகளிடம் ஒப்படைப்பது மற்றொன்று. ஸ்பெயின் நாட்டின் பாண்டா நிறுவனம் 2009ஆம் ஆண்டில் இவ்வகை இலவச நிரல் ஒன்றை வெளியிட்டது. இம்முறையில் சுமை குறைவது உண்மையே. ஆனால் இணையத் தொடர்பு அறுந்தால் காவலும் ஓரளவு தளரும்.

இலவசம் ஆனது எவ்வாறு?

அவாஸ்ட் நிரலை உருவாக்கிய நிறுவனம் 2001ஆம் ஆண்டில் அதன் அடிப்படைப் பதிப்பை இலவசமாக வழங்கியது. 2004ஆம் ஆண்டில் பத்து லட்சமாக இருந்த பயனர் எண்ணிக்கை, 2006ஆம் ஆண்டில் இரண்டு கோடியை எட்டியது. இலவசப் பதிப்பைப் பெற்றவருள் ஒரு சிலரேனும் பின்னர் விலை கொடுத்து வாங்குவர் என்பதே இவ்வணிகத்தின் கணக்கு. அடிக்கடி திரையில் தோன்றி "மேம்பட்ட பதிப்பை வாங்குக" என்று கேட்கும் அறிவிப்புகளின் காரணம் இதுவே.

இலவசத்திற்கு வேறு இரு வழிகளும் உண்டு. ஒன்று, திறமூல முறையில் உருவான கிளாம்ஏவி போன்ற நிரல். இது மின்னஞ்சல் வழங்கிகளில் பெரிதும் பயன்படுகிறது. ஆனால் விண்டோஸ் கணிப்பொறியில் இடைவிடாத காவலைத் தானாகவே தருவதில்லை. மற்றொன்று, இயக்கத் தளத்தை உருவாக்கியவரே காவலையும் தருவது. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2009ஆம் ஆண்டில் இலவசத் தடுப்பு நிரலை வெளியிட்டது. 2012ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் 8 முதல் 'டிபெண்டர்' என்னும் பெயரில் அதனை உள்ளமைத்தே தருகிறது.

பணம் அல்லாத விலை

தடுப்பு நிரல் நம் கோப்புகள் அனைத்தையும் பார்க்கும் உரிமை பெற்றது. அவ்வுரிமை தவறாகப் பயன்படுமானால் என்ன ஆகும்?

2020ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்த செய்தி பலரை அதிர்ச்சிக்குள்ளாக்கியது. அவாஸ்ட் தன் பயனர்கள் எந்தெந்த இணையப் பக்கங்களைப் பார்த்தனர் என்னும் விவரங்களைத் திரட்டி, 'ஜம்ப்ஷாட்' என்னும் துணை நிறுவனம் வழியே விற்றுவந்தது தெரியவந்தது. அம்மாதமே அத்துணை நிறுவனம் மூடப்பட்டது. 2024ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கூட்டரசு வணிக ஆணையம் அவாஸ்ட் 1 கோடியே 65 லட்சம் டாலர் செலுத்த வேண்டும் என்றும், அத்தகைய விவரங்களை விளம்பரத்திற்காக விற்கக் கூடாது என்றும் ஆணையிட்டது. நிறுவனம் குற்றச்சாட்டுகளை ஏற்கவில்லையெனினும் தீர்வுக்கு உடன்பட்டது.

காவலன் பிழை செய்வதும் உண்டு. 2010ஆம் ஆண்டு ஏப்ரல் 21 அன்று மெக்காபி அனுப்பிய புதுப்பிப்பு ஒன்று, விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத கோப்பையே வைரஸ் என்று கருதி முடக்கியது. அதனால் பல கணிப்பொறிகள் மீண்டும் மீண்டும் நின்று தொடங்கின.

ஆக, தடுப்பு நிரலுக்கு நாம் தரும் விலை மூவகைப்படும். பணம் ஒன்று, கணிப்பொறியின் வேகம் மற்றொன்று, நம்மைப் பற்றிய விவரங்கள் மூன்றாவது. இலவசம் என்பது முதல் விலையை மட்டுமே நீக்குகிறது.

தேர்ந்தெடுக்கும் முறை

முதலில் இயக்கத் தளத்தைக் கவனிக்க வேண்டும். 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் உலகையே உலுக்கிய 'வானாகிரை' நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை, மைக்ரோசாப்ட் அதற்கு இரு மாதம் முன்பே வெளியிட்டிருந்தது. திருத்தத்தை ஏற்றியவர்கள் தப்பினர். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. திருத்தம் வராத தளத்தில் எந்தத் தடுப்பு நிரலும் முழுப் பயன் தராது.

அடுத்து, விண்டோஸில் உள்ளமைந்த டிபெண்டரை முதலில் பயன்படுத்திப் பார்க்கலாம். அது போதுமான வேகத்தில் இயங்கினால் வேறொன்றைத் தேட வேண்டிய தேவை பலருக்கு இராது. வேறு நிரல் வேண்டுமெனில், ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் ஆகிய அமைப்புகள் வெளியிடும் சோதனை முடிவுகளைப் பார்க்க வேண்டும். கோப்புகளைப் படியெடுத்தல், நிரல்களைத் திறத்தல் முதலியவற்றில் எவ்வளவு வேகம் குறைகிறது என்பதையும் அவை அளக்கின்றன. இணையத் தொடர்பு இல்லாதபோது கண்டுபிடிக்கும் திறன் எவ்வளவு என்பதையும் அங்குக் காணலாம். இணையம் அடிக்கடி அறுபடும் ஊர்களில் உள்ளோர் இதனைக் கட்டாயம் நோக்க வேண்டும்.

பின்னர் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். நிரலை ஏற்றுவதற்கு முன், கணிப்பொறி தொடங்க ஆகும் நேரத்தையும், ஒரு பெரிய கோப்புறையைப் படியெடுக்க ஆகும் நேரத்தையும் கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்க. ஏற்றிய மூன்று நான்கு நாள் கழித்து மீண்டும் அளந்து ஒப்பிடுக. முதல் நாளில் எல்லாக் கோப்புகளும் புதிதாகச் சோதிக்கப்படுவதால் அன்றைய அளவு முறையானதன்று. காவல் விழித்திருக்கிறதா என்றறிய 'ஐக்கார்' என்னும் சோதனைக் கோப்பு உள்ளது. 68 எழுத்துக் குறிகளே கொண்ட இது தீங்கற்றது. ஆயினும் பெரும்பாலான தடுப்பு நிரல்கள் இதைக் கண்டதும் எச்சரிக்கும்.

இடைவிடாத காவல் தரும் நிரல்கள் இரண்டை ஒரே கணிப்பொறியில் ஏற்றலாகாது. இரண்டும் ஒன்றையொன்று ஐயுற்று, ஒரே கோப்பை இருமுறை சோதித்து, வேகத்தை விழுங்கிவிடும். ஏற்றும்போது தோன்றும் கட்டங்களைப் படிக்காமல் 'சரி, சரி' என்று அழுத்துவதும் தவறு. உலாவியில் துணைநிரல் சேர்க்கவா, விவரங்களைப் பகிரவா என்னும் கேள்விகள் அங்கேதான் கேட்கப்படுகின்றன. வேண்டாதவற்றை அங்கேயே மறுத்துவிடலாம்.

முழுமையான காவல் இல்லை என்று கோஹன் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டார். எனவே இன்றியமையாத கோப்புகளின் படி ஒன்றைத் தனித் தட்டில் எடுத்து வைப்பதும், அறியாத இணைப்புகளைத் திறவாதிருப்பதும் எந்த நிரலாலும் ஈடுசெய்ய முடியாத பழக்கங்களாகும். இவ்விரண்டும் உண்மையிலேயே இலவசம். கணிப்பொறிக்கு எள்ளளவும் சுமையில்லை.