வீல் ஸ்பேசர்

வீல் ஸ்பேசர் என்பது காரின் ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே வைத்து முடுக்கப்படும் உலோக வட்டத் தட்டு. சக்கர இடைத்தட்டு என்றும் எழுதுவர். பெரும்பாலும் அலுமினியக் கலவையில் கடையப்படும் இது, 3 மி.மீ. முதல் 50 மி.மீ. வரையிலான தடிமன்களில் கிடைக்கிறது. தட்டு எவ்வளவு தடிமனோ அவ்வளவு தூரம் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். ஓர் அச்சின் இரு பக்கமும் 20 மி.மீ. தட்டு பூட்டினால் சக்கர அகலம், அதாவது இரு சக்கரங்களுக்கும் இடையிலான தூரம், 40 மி.மீ. கூடுகிறது. மலேசியாவின் ஜொகூர் பாரு, ஸ்கூடாய், பாசீர் கூடாங் வட்டாரங்களில் பெரோடுவா மைவி, புரோட்டோன் சாகா போன்ற சிறிய கார்களை அழகுபடுத்துவோர் இதை நாடுகின்றனர்.

சக்கரத்தை அகட்டி வைக்கும் தேவை முதலில் வயலில்தான் எழுந்தது. பயிர் வரிசைகளின் இடைவெளிக்கு ஏற்ப டிராக்டரின் சக்கர அகலம் மாறவேண்டும். 1946இல் இங்கிலாந்தில் உற்பத்தி தொடங்கிய ஃபெர்குசன் டி.இ.20 டிராக்டரில் இந்த அகலத்தை 48 அங்குலத்திலிருந்து 76 அங்குலம் வரை, 4 அங்குலப் படிகளாக எட்டு நிலைகளில் மாற்றலாம். பின்சக்கரத்தின் தட்டையும் விளிம்பையும் திருப்பிப் பூட்டியே இதைச் செய்தனர். இடையில் வேறொரு தட்டு செருகவில்லை. கார்களில் சக்கரங்களை அகட்டி வைக்கும் ஆசைக்குப் பெயர் வாங்கித் தந்தது அமெரிக்காவின் பாண்டியாக். அதன் 1959ஆம் ஆண்டு மாடலுக்கு அகன்ற உடலை வடிவமைத்துப் பழைய சேஸிஸ்மேல் வைத்தபோது சக்கரங்கள் உள்ளடங்கித் தெரிந்தன. பாண்டியாக்கின் பொது மேலாளர் நூட்சன் அகலத்தை ஏறத்தாழ 5 அங்குலம் கூட்டச் செய்தார். முதல் காரணம் தோற்றமே. திருப்பத்தில் கார் நிலையாக நிற்பது பின்னர் கிடைத்த ஆதாயம். ஜெர்மனியின் போர்ஷே நிறுவனமோ 5 மி.மீ. ஸ்பேசரையே தொழிற்சாலை உதிரிப்பாகமாகத் தந்தது. ஆனால் அதற்குரிய நீளமான போல்ட்டுகளையும் சேர்த்தே தந்தது. இன்றைய டயர் கடைகளில் விடுபட்டுப்போவது பெரும்பாலும் இந்த இரண்டாவது பாதிதான்.

மலேசியாவில் புரோட்டோன் சாகா 1985 ஜூலையில் வெளிவந்தது. மறு ஆண்டே பாசீர் கூடாங்கில் ஜொகூர் பந்தயத் தடம் திறக்கப்பட்டது. 1998இல் மலேசிய மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரிக்ஸ் அங்கு நடந்தது. உள்நாட்டுக் காரும் உள்ளூர்ப் பந்தயத் தடமும் அடுத்தடுத்து வந்த காலத்தில் ஜொகூர் இளைஞர்களிடம் காரை மாற்றியமைக்கும் ஆர்வம் வேரூன்றியது என்று கொள்வது பொருந்தும். 2005இல் வந்த மைவி அந்த ஆர்வத்துக்கு மலிவான களமானது.

ஸ்பேசரில் இரு வகை உண்டு. முதல் வகை, காரின் ஸ்டட்டுகளில் (ஹப்பிலிருந்து நீட்டி நிற்கும் மரைக் கம்பிகளில்) வெறுமனே செருகப்படுவது. இரண்டாம் வகை, ஹப்பில் தனி நட்டுகளால் முடுக்கப்படுவது. ரிம் அதிலுள்ள புதிய ஸ்டட்டுகளில் ஏறும். ஆபத்து மிகுந்தது முதல் வகை. மைவியின் ஸ்டட் 12 மி.மீ. விட்டம் கொண்டது, அதன் மரை ஒரு சுற்றுக்கு 1.5 மி.மீ. நகரும். நட்டு குறைந்தது ஸ்டட்டின் விட்டம் அளவுக்கு, அதாவது 12 மி.மீ. ஆழத்துக்கு ஏறவேண்டும் என்பது பொது விதி. அது எட்டுச் சுற்று. 5 மி.மீ. தட்டைச் செருகினால் மூன்று சுற்றுக்கு மேல் பறிபோகிறது. எஞ்சிய மரையில் நட்டு இறுகியதுபோல் தோன்றினாலும் பிடிமானம் போதாது. சக்கரத்தைத் தாங்குவது ஸ்டட்டின் தண்டு என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் ரிம்மையும் ஹப்பையும் நட்டு ஒன்றோடொன்று அழுத்துவதால் எழும் உராய்வே பாரத்தைத் தாங்குகிறது. அழுத்தம் தளர்ந்ததும் ஸ்டட் ஒவ்வொரு சுழற்சியிலும் வளைந்து நிமிர்கிறது. நாளடைவில் களைப்புற்று ஒடிகிறது.

தட்டின் நடுத்துளை ஹப்பின் விளிம்பில் கச்சிதமாக உட்காரவேண்டும். அதேபோல் தட்டின் வெளிவிளிம்பு ரிம்மின் துளையில் அமரவேண்டும். கூம்பு நட்டே நடுப்படுத்திவிடும் என்பது கடைக்காரர் வாதம். ஆனாலும் நடுத்துளை பொருந்தாத தட்டை ஏற்கவே கூடாது. மையம் சற்றே விலகினாலும் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். அந்த நடுக்கமே நட்டுகளைத் தளர்த்துகிறது.

20 மி.மீ. தட்டு பூட்டினால் ரிம்மின் ஆஃப்செட், அதாவது ஹப்பில் பொருந்தும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து விலகியிருக்கும் தூரம், 45 மி.மீ. ஆக இருந்தால் 25ஆகக் குறையும். பேரிங்மேல் விழும் நெம்புவிசை கூடும். பள்ளத்தில் இறங்கும்போது ஸ்டீயரிங் பக்கவாட்டில் இழுக்கும். பின்னால் ஆள் ஏறினால் டயர் மட்கார்டில் உரசும். ஆஃப்செட் 25 உள்ள ரிம் வாங்கினாலும் இதே விளைவுதானே என்று ஸ்பேசர் விற்போர் கேட்பது நியாயம். ஆனால் அந்த ரிம்மில் கூடுதல் மூட்டு இல்லை, மரையும் குறைவதில்லை. ஆகவே புதிய ரிம்மே மேல். ஜொகூரின் ஈரக்காற்றில் இரும்பு ஹப்பும் அலுமினியத் தட்டும் ஒட்டித் துருப்பிடிப்பதும் உண்டு. தட்டுக்கும் ஹப்புக்கும் நடுவே துரு எஞ்சியிருந்தால் எவ்வளவு முடுக்கினாலும் தட்டு சமமாக உட்காராது.

1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் வாகன மாற்றங்களைச் சாலைப் போக்குவரத்து இலாகா கண்காணிக்கிறது. மட்கார்டுக்கு வெளியே டயர் நீட்டி நிற்பது சம்மனுக்கு உரிய குற்றம். காப்புறுதி நிறுவனத்துக்குத் தெரிவிக்காத மாற்றம் இழப்பீட்டையும் சிக்கலாக்கலாம். 

பூட்டுவோர் ஹப்பைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, நட்டு எத்தனை சுற்று ஏறுகிறது என்பதைக் கையால் எண்ணிப் பார்க்கவேண்டும். ஏர் கன்னோடு விட்டுவிடாமல் டார்க் ரெஞ்சால் கார் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு, சிறு கார்களில் ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர், முடுக்கவேண்டும். பூட்டியபின் 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் மீண்டும் சரிபார்க்கவேண்டும். மலேசியாவில் தனியார் கார்களுக்கு ஆண்டுதோறும் சோதனை கிடையாது. உரிமை மாற்றம் போன்ற சமயங்களில்தான் கார் சோதனை நிலையத்துக்குப் போகிறது. அதுவரை அந்த நட்டுகளைப் பார்க்கும் பொறுப்பு காரின் சொந்தக்காரருடையது.