வாய்ப்புற்றுநோயும் கீ-67 குறியீடும்

வாய்ப்புற்றைத் தரம் பிரிக்கும் முறைக்கு முன்னோடி, 1920இல் உதட்டுப் புற்றைப் பற்றி வெளிவந்த ஓர் ஆய்வு. அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் பணியாற்றிய நோயியலாளர் ஆல்பர்ட் பிராடர்ஸ், புற்றுத் திசுவை நுண்ணோக்கியில் பார்த்து நான்கு தரங்களாகப் பிரித்தார். இயல்பான செல்லைப் போல முதிர்ந்தவை மிகுந்திருந்தால் முதல் தரம். அரிதாக இருந்தால் நான்காம் தரம். முறை எளிதுதான். ஆனால் ஒருவர் இரண்டு என்றதை மற்றவர் மூன்று என்பார். விடைத்தாள் திருத்தியவர்களுக்கு இது புதிதல்ல.

பெருகும் செல்களை எண்ணினால் என்ன? அதிலும் ஒரு தடை இருந்தது. சாதாரணச் சாயத்தில், இரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கும் செல் மட்டுமே கண்ணுக்குத் தெரியும். பிரிவதற்கு ஆயத்தமாகும் செல்லும் ஓய்வில் இருக்கும் செல்லும் ஒன்றுபோலவே தோன்றும்.

1983இல் ஜெர்மனியின் கீல் நகரில் யோகான்னஸ் கெர்டஸ் குழுவினர் வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தனர். ஹாட்ஜ்கின் நோய்ச் செல்களை அடையாளம் காட்டும் எதிர்ப்பொருளே அவர்களுக்கு வேண்டியிருந்தது. கிடைத்ததோ, பெருகும் செல் எதுவானாலும் அதன் உட்கருவில் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருள். ஓய்வுநிலைச் செல்லில் அது ஒட்டவில்லை. நகரின் பெயரையும் வளர்ப்புத் தட்டின் குழி எண்ணையும் சேர்த்து கீ-67 என்றார்கள்.

அது உறைய வைத்த திசுவில் மட்டுமே வேலை செய்தது. மருத்துவமனைகளில் சேமிக்கப்படும் வாய்த் திசுக்களோ பார்மலினில் ஊறி மெழுகுக் கட்டிகளில் இருப்பவை. 1992இல் எம்ஐபி-1 என்ற புதிய எதிர்ப்பொருள் வந்தது. மெழுகிலிருந்து சீவிய திசுவை மைக்ரோவேவ் அடுப்பில் சூடாக்கியபின் இது நன்றாக ஒட்டியது. சமையலறைச் சாதனம் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்து, பழைய கட்டிகளையும் பேச வைத்தது!

நலமான கன்னத்தின் உட்பரப்பில் கீ-67 நிறம் அடியடுக்குகளை ஒட்டியே காணப்படும். புற்றுக்கு முந்தைய மாற்றத்தில் அது மேலடுக்குகளுக்கு ஏறுகிறது. முதிர்ச்சி மிகுந்த புற்றில் செல்திட்டுகளின் ஓரத்திலும், முதிர்ச்சி குறைந்ததில் எங்கும் பரவியும் தெரியும். நூற்றுக்கு எத்தனை உட்கருக்கள் நிறமேறின என்பதே குறியீடு.

இருந்தும் அது தனித்து நோயைத் தீர்மானிப்பதில்லை. ஆறும் புண்ணிலும் செல்கள் பெருகத்தான் செய்யும். அடிச்சவ்வைத் தாண்டிச் செல்கள் உள்ளே புகுந்தனவா என்று பார்த்தே புற்று உறுதிசெய்யப்படுகிறது. அனைவரும் ஏற்ற எல்லை எண்ணும் இல்லை. புகையிலை மெல்பவர் வாயில் தோன்றும் வெள்ளைத் திட்டு புற்றாகுமா என்று கேட்கும்போது, நோயியலாளர் இந்த எண்ணைத் தம் பார்வைக்குத் துணையாகவே வைத்துக்கொள்கிறார்.