பழைய வால்வு ரேடியோவைப் பாட வைக்கும் முன்: தெரிந்திருக்க வேண்டிய மின்கோளாறுகள்

திரிங்காப் – தாத்தா வாங்கிய ரேடியோ பெட்டி இன்னும் அலமாரியின் மேல் இருக்கிறது என்று சொல்லும் குடும்பங்கள் கேமரன் மலையிலும் உண்டு. 1946இல் தொடங்கிய ரேடியோ மலாயாவையும், 1957 ஆகஸ்டு 31 சுதந்திரப் பிரகடனத்தையும் நம் மக்கள் கேட்டது இத்தகைய வால்வு ரேடியோக்களில்தான். அதைத் துடைத்துப் பார்க்கும் ஆசையில் நேராகப் பிளக்கில் சொருகுவதுதான் பலர் செய்யும் தவறு. அந்த ஒரு நிமிடத்தில் டிரான்ஸ்பார்மர் எரிந்து போகலாம். உயிருக்கும் ஆபத்து நேரலாம்.

மலையின் குளிரும் பனிமூட்டமும் இப்பெட்டிகளுக்குப் பகை. அக்காலக் காகித கெப்பாசிட்டர்கள் ஈரத்தை உறிஞ்சி மின்சாரத்தைக் கசிய விடும். டிரான்ஸ்பார்மரின் மெல்லிய செம்புக் கம்பிகள் பச்சை பூத்து அறுந்துவிடும்.

முதலில் பாதுகாப்பு

வால்வு ரேடியோவின் உள்ளே 250 வோல்ட்டுக்கு மேல் நேர்மின்சாரம் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் அது தங்கியிருக்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வழியாக அதை வடித்து, மல்டிமீட்டரில் சுழியம் காட்டிய பின்பே கை வைக்க வேண்டும்.

சில ரேடியோக்களில் மின்சாரத்தைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மரே இராது. யூசிஎச்81, யூஎல்84, யூஒய்85 என 'யூ'வில் தொடங்கும் வால்வுகள் இருந்தால் அது பெரும்பாலும் அந்த வகை. அதன் இரும்புத் தட்டிலேயே வீட்டு மின்சாரம் பாயக்கூடும். தனிமைப்படுத்தும் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் இதைத் திறந்து சோதிக்கவே கூடாது.

பல்ப் சோதனை

ரேடியோவுக்குத் தொடராக 60 வாட் பழைய இழை பல்ப் ஒன்றை இணைத்து மின்சாரம் கொடுப்பது நம்பகமான வழி. எல்இடி பல்ப் இதற்கு உதவாது. பல்ப் சற்று ஒளிர்ந்து மங்கினால் நல்லது. முழு ஒளியுடன் நின்றால் உள்ளே ஷார்ட் உள்ளது. உடனே அணைக்க வேண்டும். ரெக்டிபயர் வால்வைக் கழற்றி மீண்டும் சோதிக்கவும். அப்போதும் பல்ப் மங்காவிட்டால் சந்தேகம் டிரான்ஸ்பார்மர் மீது. மங்கினால் அதற்கு அடுத்த பகுதிகள் மீது.

பின்புறம் மின்னழுத்தத் தேர்வி இருந்தால் அதையும் பார்க்கவும். நம் நாட்டு மின்சாரம் 230 முதல் 240 வோல்ட். தேர்வி 110இல் இருந்தால் ரேடியோ கருகிவிடும்.

அறிகுறியும் காரணமும்

*எந்த வால்வும் ஒளிரவில்லை:* ஃபியூஸ், சுவிட்ச், மின்கம்பி ஆகியவற்றைப் பார்க்கவும். 'யூ' வகையில் வால்வு இழைகள் தொடராக இணைக்கப்பட்டவை. தீபாவளிக்குத் தொங்கவிடும் பழைய சர விளக்கைப் போல, ஒன்று அறுந்தால் எல்லாம் அணையும்.

*'ம்ம்ம்' என்ற இரைச்சல்:* மின்னோட்டத்தைச் சீராக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் உலர்ந்துவிட்டது. பழைய அளவுக்கு நெருக்கமானதையே மாற்ற வேண்டும். மிகப் பெரியதைப் போட்டால் ரெக்டிபயர் வால்வு கெடும்.

*ஒலி கரகரக்கிறது, கடைசி வால்வு அதிகம் சுடுகிறது:* பெரும்பாலும் குற்றவாளி ஒரே ஒரு சிறு கெப்பாசிட்டர். கடைசி வால்வின் கிரிட் முனைக்குச் செல்லும் 0.01 மைக்ரோஃபாரட் அளவுள்ளது அது. ஈஎல்84 வால்வானால் 2ஆம் பின்னில் நேர்மின்னழுத்தம் இருக்கக்கூடாது. இருந்தால் வால்வைக் கழற்றி மீண்டும் அளக்கவும். அப்போதும் இருந்தால் கெப்பாசிட்டர் கசிகிறது. மறைந்தால் வால்வே பழுது. 630 வோல்ட் தாங்கும் புதியது சில ரிங்கிட்தான். மாற்றாமல் விட்டால் வால்வும், அதையடுத்து அவுட்புட் டிரான்ஸ்பார்மரும் போகும்.

*வால்வுகள் ஒளிர்கின்றன, ஒலியே இல்லை:* கடைசி வால்வின் உள்ளே ஒரு கம்பிச்சுருள் சிவந்து எரிந்தால் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் அறுந்திருக்கலாம். உடனே அணைக்கவும்.

*ஒலி விட்டுவிட்டு வருகிறது:* வால்வுக் கால்களில் துரு, சாக்கெட்டில் அழுக்கு, அல்லது விட்டுப்போன ஈயப் பற்றாக இருக்கலாம்.

பேட்டரி ரேடியோக்கள்

மின்சாரம் எட்டாத வீடுகளுக்காக டிகே96, டிஎல்96 போன்ற வால்வுகளுடன் பேட்டரி ரேடியோக்களும் வந்தன. இழைக்கு 1.4 வோல்ட், மற்றவற்றுக்கு 90 வோல்ட் வரை. அந்த 90 வோல்ட் பேட்டரி இன்று கடையில் கிடைக்காது. 9 வோல்ட் பேட்டரிகள் பத்தைத் தொடராக இணைத்தால் போதும். ஆனால் கம்பி மாறினால் எல்லா வால்வும் ஒரு நொடியில் எரிந்துபோகும்.

பழுது தீர்ந்த பின்

மத்திய அலை, சிற்றலை மட்டுமே உள்ள பெட்டியில் பண்பலையில் ஒலிக்கும் மின்னல் வானொலி நேரடியாக வராது. ஆனால் டிரான்ஸ்பார்மர் உள்ள ரேடியோவின் பின்புறம் இசைத்தட்டுக்கான துளை இருந்தால், கைப்பேசியை அதில் இணைத்துக் கேட்கலாம். 'யூ' வகையில் இதைச் செய்யவே கூடாது.

கழற்றிய பழைய பாகங்களை ஓர் உறையில் போட்டு, பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள். எது எங்கிருந்தது என்பதை அடுத்து திறப்பவர் அறிந்துகொள்வார். மின்வேலை தெரியாதவர்கள் துடைப்பதோடு நிறுத்தி, அனுபவமுள்ள பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பதே நல்லது. இத்தனை ஆண்டுகள் காத்திருந்த பெட்டி இன்னும் சில வாரம் காத்திருக்கும்.