சம்பளத்தில் பாதியை அரசாங்கம் தருமா?

வன்னியிலிருந்து வந்து வெள்ளவத்தையில் தையல் கடை போட்டிருக்கும் அக்கா ஒருவர் கேட்டார்: "உதவிக்கு ஒரு பிள்ளையை எடுத்தால் சம்பளத்தில் பாதியை அரசாங்கம் தருமோ?"

சம்பள மானியத்தை இலங்கையில் பரீட்சித்துப் பார்த்தவர்கள் ஆய்வாளர்கள். சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கென்சி, கிறிஸ்டோபர் வுட்ரப் ஆகியோர் குலுக்கல் முறையில் தெரிந்த சிறுதொழில்களுக்கு மானியம் கொடுத்து, நான்கு ஆண்டுகள் கவனித்தார்கள். ஆய்வு 2019இல் வெளியானது. மானியம் கிடைத்த மாதங்களில் ஆட்களைச் சேர்த்தார்கள். நின்றதும் பழைய நிலைதான். இலாபமும் கூடவில்லை. உற்பத்தித் தொழில்களில் மட்டும் பலன் சற்று நீடித்தது. தையலும் உற்பத்திதானே என்று அக்காவுக்குச் சொன்னேன்.

மானியத்தை ஒதுக்கிவிட்டுக் கணக்கைப் பார்த்தோம். 2026 ஜனவரி முதல் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபா. ஒரே ஒருவர் வேலை செய்தாலும் முதலாளி ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதமும் கட்டவேண்டும். ஆக 34,500. சேமலாப நிதிக்குப் பிள்ளையின் பங்கான 8 வீதம், அதாவது 2,400 ரூபா, சம்பளத்திலிருந்து கழியும். 'கையில் காசாகத் தாங்கோ' என்று பிள்ளையே கேட்கக்கூடும், சம்மதிக்கவேண்டாம் என்றேன். இடம்பெயர்ந்து எல்லாம் இழந்த வீடுகளில் பலருக்குத் தம் பெயரில் சேரும் முதல் சேமிப்பு அதுதான்.

அக்கா 34,500ஐ 30ஆல் பிரித்தார். நாளுக்கு 1,150.

"அப்ப எத்தனை பிளவுஸ் கூடத் தைக்கவேணும்?" என்று கொப்பியை எடுத்தார்.