கவலைத் தோலும் கருங்கல் சுவரும்

கொங்கு நாட்டு வேளாண்மை கிணற்றை நம்பி நடந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் கோயம்புத்தூர், அவிநாசி, பல்லடம் வட்டாரங்களில் ஆண்டுக்கு 600, 700 மில்லிமீட்டர் மழை பெய்தாலே நல்ல வருடம். பாறையை உடைத்து வெட்டிய ஆழக் கிணற்றிலிருந்து தண்ணீரை மேலே கொண்டுவரக் கவலை ஓட்டினார்கள். ஒரு சோடி எருது சரிவில் இறங்க, வடக்கயிறு சால் என்னும் நீர்ப் பாத்திரத்தை மேலே இழுக்கும். சாலின் அடியில் கட்டியிருக்கும் தோல் தும்பி வழியாகத் தண்ணீர் வாய்க்காலில் கொட்டும். அந்தத் தோலைப் பதப்படுத்தித் தைத்தவர்களும், பாசனத்தின் நடுவே கிழிந்துபோனால் ஓடிவந்து ஒட்டுப்போட்டவர்களும் அருந்ததியர்கள். கொங்கு வழக்கில் அவர்களுக்கு மாதாரி என்று பெயர். அவர்கள் வேலை ஒரு வாரம் நின்றால் பயிர் வாடும். ஆனால் அதே கிணற்றில் இறங்கி ஒரு குடம் மொண்டுகொள்ள அவர்களுக்கு உரிமை இல்லை.

தோல் வேலை இவர்களுடைய கடமைகளில் ஒன்றுதான். செத்த மாட்டை அப்புறப்படுத்துவது, செருப்புத் தைப்பது, சாவுக்கும் நோம்பிக்கும் தப்பட்டை அடிப்பது எல்லாம் அவர்கள் தலையில் விழுந்தன. இவற்றுக்குக் கூலி பெரும்பாலும் தானியம். அறுவடைக் களத்தில் அளந்து போடுவார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் நிலமில்லாதவர்கள். ஆகவே ஏதாவது ஒரு கவுண்டர் தோட்டத்தில் வருடக் கூலிக்குப் பண்ணையத்தில் இருப்பதே பிழைப்பானது. கலியாணத்துக்கோ மருந்துக்கோ வாங்கிய முன்பணம் அந்த வருடத்தை அடுத்த வருடத்தோடு முடிச்சுப் போட்டுவிடும். கடன் அடையும் வரை தோட்டத்தை விட்டுப் போக முடியாது. அடைந்த கடனைக் காண்பதும் அரிது.

இந்த ஏற்பாட்டில் பிள்ளைகளுக்கும் தனி இடம் இருந்தது. ஏழெட்டு வயதானதும் பையனை ஆடு மேய்க்க விட்டுவிடுவார்கள். விடியுமுன் எழுந்து சாணி வாரிக் கட்டுத்தரை கூட்ட வேண்டும். வெயில் ஏறுமுன் பட்டியிலிருந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு போக வேண்டும். ஒன்று காணாமல் போனால் அடி அவன் முதுகில். சாப்பாடு வீட்டுக்குப் பின்புறம், அவனுக்கென்று ஒதுக்கிய ஏனத்தில், மேலிருந்து ஊற்றப்படும். இரவில் பட்டியில் காவல் படுக்கை. வருட முடிவில் கிடைக்கும் கூலியை வாங்குவது பையன் அல்ல, அவனுடைய அப்பன். பல நேரம் அவனும் வாங்குவதில்லை, பழைய பாக்கியில் கழிந்திருக்கும். பள்ளிக்கூடம் அடுத்த ஊரில் இருந்திருக்கலாம். அந்தப் பையனுக்கு அது பார்த்துக்கொண்டே கடந்துபோகும் கட்டடம், அவ்வளவுதான்.

இந்தப் பையன்களின் உலகத்தைத் தமிழில் முழுதாக எழுதிய நாவல் பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’. 2000-இல் வந்தது, வ. கீதாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2004-இல் தாரா வெளியீடாக வந்து மறு ஆண்டு கிரியாமா பரிசின் இறுதிப் பட்டியல் வரை போனது. கவுண்டர் வீட்டுக்கு ஆடு மேய்க்கும் கூளையனும் மற்ற தோட்டங்களில் வேலை செய்யும் அவன் கூட்டாளிகளும்தான் கதை. மேய்ச்சல் காட்டில் அவர்களுக்கு விளையாட்டும் உண்டு, திருட்டுத்தனமும் உண்டு, பனம்பழமும் உண்டு. பண்ணையக்காரரின் மகனும் அவர்களோடு ஆடித் திரிவான். ஆனால் ஒரு சச்சரவு வந்ததும் யார் அடிக்கலாம், யார் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்துவிடும். பிள்ளைகள் சாதியைப் பாடமாகக் கற்பதில்லை, பசியோடும் அடியோடும் சேர்த்துக் கற்கிறார்கள் என்பதை இந்நாவல் போல அடுக்கிக் காட்டியது வேறொன்றில்லை என்றே சொல்லலாம். இதற்கு முன் ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ 1942-லேயே கொங்கு மண்ணை நாவலுக்குள் கொண்டுவந்துவிட்டது. ஆயினும் அது நிலமுள்ள வீட்டுக் கதை.

ஹார்ப்பர் லீ 1960-இல் வெளியிட்டு 1961-இல் புலிட்சர் பரிசு பெற்ற ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ நாவலை இங்கே நினைத்துக்கொள்வது பொருத்தம். 1930-களின் அலபாமாவில் செய்யாத குற்றத்துக்குத் தண்டனை பெறும் கறுப்பினத்தவர் ஒருவரின் வழக்கை, அவருக்காக வாதாடும் வெள்ளை வழக்கறிஞரின் மகள் பார்த்து வளர்கிறாள். ஊர் தான் நினைத்ததுபோல் இல்லை என்று அவளுக்குப் புரிவதுதான் அங்கே கதை. அந்த அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ள அவளுக்கு வீடும் புத்தகங்களும் தகப்பனும் இருக்கிறார்கள். கூளையனுக்கு அப்படி எதுவும் இல்லை. அநியாயத்தைப் பார்த்துத் திகைக்கும் குழந்தையைவிட, அநியாயத்தின் உள்ளேயே வேலை செய்யும் குழந்தையின் கதை கடினமானது. உலகம் முதலாவதைத்தான் பாடநூலாக்கியது.

கவலையின் காலம் மின்சாரத்தோடு முடிந்தது. 1930-களில் நீலகிரியின் பைகாரா மின்சாரம் கோவைக்கு இறங்கிவந்தது. கோவைப் பட்டறைகள் மோட்டார் பம்புகளைச் செய்யத் தொடங்கின. சுதந்திரத்துக்குப் பின் கிராமங்களுக்குக் கம்பி போயிற்று. 1970-களுக்குள் தும்பித் தோலுக்குப் பெரிதாக வேலையில்லை. பிளாஸ்டிக் செருப்பு மற்றதையும் தின்றது. 1976-இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. சட்டத்தைவிடத் திருப்பூர் பனியன் கம்பெனிகளும் விசைத்தறிகளும் பண்ணையத்தை அதிகம் உடைத்தன என்பதே சரியான கணக்காக இருக்கும். தோட்டத்தைவிட்டு வெளியேறியவர்களில் ஒரு பகுதியினரை நகராட்சிகள் துப்புரவு வேலைக்கு எடுத்துக்கொண்டன. தோல், பிணம், கழிவு என்று வேலை மாறியதே தவிர, அதை யார் செய்ய வேண்டும் என்ற ஏற்பாடு மாறவில்லை.

குடியிருப்பும் அப்படித்தான். ஊருக்கு வெளியே இருந்த மாதாரி வளவுகளுக்குப் பதிலாக மனைப்பட்டா கொடுக்கும் வேலையைச் சென்னை மாகாண அரசின் தொழிலாளர் துறை 1920-களிலேயே தொடங்கியது. ஊர்தோறும் ஏ.டி. (ஆதிதிராவிடர்) காலனி என்று வழங்கும் இடங்களில் பலவற்றின் வேர் அந்த ஏற்பாட்டில் இருக்கிறது. ஆனால் கிடைத்த இடம் பெரும்பாலும் மற்றவர் விரும்பாத இடம்: பள்ளம், ஓடைக்கரை, ஊரின் கழிவு வந்து சேரும் ஓரம். பின்னாளில் நகரம் வளர்ந்து அந்த ஓரமும் மனை விலைக்கு வந்தபோது பக்கத்தில் பெரிய வீடுகள் எழுந்தன. பெரிய வீட்டுக்குக் காம்பவுண்டுச் சுவரும் எழுந்தது. தலித் குடியிருப்பை ஊரிலிருந்து பிரிக்கும் சுவருக்குத் தீண்டாமைச் சுவர் என்ற பெயர் 2008-இல் மதுரை மாவட்டம் உத்தப்புரத்தால்தான் நாடெங்கும் பரவியது. 1989 கலவரத்துக்குப் பின் அங்கே எழுப்பிய நெடுஞ்சுவரில் 2008 மே 6 அன்று மாவட்ட நிர்வாகம் வழி உடைத்தது.

கொங்கு நாட்டிலும் ஒரு சுவர் பின்னாளில் பேச்சாயிற்று, மேட்டுப்பாளையத்தில். மேட்டுப்பாளையம் மலையடிவாரத்து வணிக ஊர். 1873-இல் ரயில் வந்தது, 1899-இல் மலை ரயில் குன்னூருக்கு ஏறியது. நீலகிரியிலிருந்து இறங்கும் உருளைக்கிழங்கும், பாக்கும் ஏலம் போகிற மண்டிகளால் ஊர் செழித்தது. அதன் ஓரத்தில் நடூர். அங்குள்ள ஏ.டி. காலனியில் அருந்ததியர் குடும்பங்கள் ஓட்டு வீடுகளில் இருந்தன. அவற்றை ஒட்டி, சற்று மேட்டில், ஒரு ஜவுளிக்கடைக்காரரின் பங்களாவைச் சுற்றி ஏறத்தாழ 20 அடி உயரக் கருங்கல் சுவர் நின்றது. அது ஆபத்தானது என்று காலனிக்காரர்கள் முன்பே முறையிட்டு வந்தார்கள். 2019 டிசம்பர் 2, விடியற்காலை, தொடர்மழையில் ஊறிய சுவர் பள்ளத்துப் பக்கம் சாய்ந்தது. தூக்கத்தில் இருந்த 17 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகளும் உண்டு. மகனையும் மகளையும் ஒருசேரப் பறிகொடுத்த ஒரு தகப்பன் இருவரின் கண்களையும் தானமாகக் கொடுத்தார். அவர் ஒரு தேநீர்க் கடையில் வேலை பார்த்தவர்.

உடல்களை வாங்க மறுத்து அரசு மருத்துவமனை முன் உறவினர்களும் அமைப்புகளும் மறியல் செய்தனர். உரிமையாளரைக் கைது செய்ய வேண்டும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைச் சேர்க்க வேண்டும் என்பவை கோரிக்கைகள். போலீஸ் தடியடி நடத்தியது. தமிழ்ப் புலிகள் கட்சித் தலைவர் நாகை திருவள்ளுவன் உள்ளிட்ட இருபதுக்கு மேற்பட்டோர் அன்றே கைதாயினர். சுவரின் உரிமையாளர் மறுநாள் கைதானார். அவர்மீது பதிவான வழக்கு, கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கான இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் தொடங்கியது. அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி நடூருக்கு வந்து ஒவ்வொரு இறப்புக்கும் 10 லட்சம் ரூபாய் நிதியும், குடும்பங்களுக்கு வேலையும் வீடும் அறிவித்தார். சாதி நோக்கோடு கட்டிய சுவரா, வெறும் காம்பவுண்டா என்று விவாதம் நெடுநாள் நடந்தது. கட்டியவரின் மனசுக்குள் இருந்ததைத் தேடிய அந்த விவாதம், காலனி ஏன் பள்ளத்தில் இருந்தது என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிட்டது. அந்த மாத இறுதியில் தமிழ்ப் புலிகள் கட்சி, இதற்கு எதிர்ப்பாகத் தன் ஆட்கள் இஸ்லாத்துக்கு மாறப்போவதாக அறிவித்தது.

இவர்களின் நிலையைச் சட்டம் வேறொரு வழியில் முன்பே தொட்டிருந்தது. தமிழ்நாட்டில் அருந்ததியருக்கு அரசு வேலையிலும் கல்லூரி இடங்களிலும், பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டுக்குள் 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு நீதிபதி எம்.எஸ். ஜனார்த்தனம் குழுவின் பரிந்துரைக்குப் பின் 2009-இல் சட்டமாயிற்று. பட்டியலுக்குள்ளேயும் மிகப் பின்னால் நிற்பவர்கள் இவர்கள் என்பதே அதற்கான வாதம். உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 2024 ஆகஸ்ட் 1 அன்று, பட்டியல் சாதியினருக்குள் இத்தகைய உட்பிரிவு செய்ய மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது.