கசெல்லியின் ஊசியும் நம் வீட்டு ஸ்கேனரும்

ஸ்கேனரைக் கணினிக்குப் பிறந்த பிள்ளை என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது கணினிக்கு மூத்தது. தந்திக் கம்பியில் படம் அனுப்பப் பிறந்தது.

அலெக்சாண்டர் பெயின் என்ற ஸ்காட்லாந்துக் கடிகாரக்காரர் 1843இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் ஜியோவான்னி கசெல்லி என்ற இத்தாலியப் பாதிரியார். அவருடைய பான்தெலெகிராஃப் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும், பெரிய ஊசல் ஆடும் இயந்திரம். வெள்ளீயத் தாளில் மின்சாரம் பாயாத மையால் எழுதி வைப்பார்கள். ஓர் ஊசி அதன்மேல் வரிவரியாக ஓடும். மை உள்ள இடமும் இல்லாத இடமும் மின்னோட்டத்தில் வேறுபாடாகி, மறுமுனையில் மருந்தில் நனைத்த தாளில் நீலமாக விழும். மூன்றாம் நெப்போலியன் ஆதரவில் 1865இல் பாரிஸ் – லியோன் இடையே மக்கள் பயன்பாட்டுக்கு வந்தது. வங்கிகள் அதைக் கையெழுத்துச் சரிபார்க்கப் பயன்படுத்தின.

குமாஸ்தாவாக இருந்த எனக்கு இந்த இடம்தான் பிடித்தது. அதுவரை தந்தி சொல்லை மட்டும் சுமந்தது. கசெல்லி எழுதிய கையையே அனுப்பினார்.

1907இல் எதுவார் பெலின் தொலைபேசிக் கம்பியில் புகைப்படம் அனுப்பினார். பிரெஞ்சுப் பத்திரிகை உலகில் அப்படி வந்த படத்துக்கே 'பெலினோ' என்று பெயர் நின்றுவிட்டது.

கணினிக்குள் முதல் படம் நுழைந்தது 1957இல். அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனத்தில் ரஸ்ஸல் கிர்ஷ், மூன்று மாதமான தம் மகனின் படத்தை உருளையில் சுற்றிப் படிக்கவைத்தார். படம் 5 செ.மீ. சதுரம், 176க்கு 176 புள்ளி, மொத்தம் 30,976. இன்று நாம் ஓர் ஏ4 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்து ஸ்கேன் செய்தால் சுமார் 87 லட்சம் புள்ளி. வண்ணத்தில் புள்ளிக்கு மூன்று பைட் என்றால் 26 எம்பி!

இனி நம்மூர் விஷயம். 1881 தெக்ரேயின்படி ரெனோன்சான் ஆனவர்கள் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள். எத்தா சிவில் பதிவேட்டில் அந்தத் தமிழ்ப் பெயர்களை எழுத்தர் தம் காதுக்குக் கேட்டபடி ரோமன் எழுத்தில் எழுதினார். 'சாமி'க்கு ஒரு தாளில் ஒற்றை எஸ், இன்னொன்றில் இரட்டை எஸ். என் உறவினர் ஒருவரின் நஸியோனாலித்தே மனு இப்படி ஓர் எழுத்தால் திரும்பி வந்தது. பிற்காலத்தில் டைப் அடித்த நகலில் யாரோ ஓர் எஸ்ஸை விழுங்கியிருந்தார்கள். பாட்டனாரின் பழைய தாளை ஸ்கேன் செய்து பெரிதாக்கிப் பார்த்தபோது, மங்கிய மையில் இரண்டாவது எஸ் தெரிந்தது. அந்தப் படத்தின் அச்சையும் மூலத்தையும் சேர்த்துக் கொடுத்த பிறகே மனு நகர்ந்தது.

அதனால் பழைய தாள் வைத்திருக்கும் சொல்தா குடும்பங்களுக்குச் சொல்வேன்: கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்யாதீர்கள், வண்ணத்தில் செய்யுங்கள். மங்கிய பழுப்பு மை, முத்திரை, ஓரத்துக் குறிப்பு எல்லாம் அதில்தான் பிழைக்கும். வைத்துக்கொள்ளும் பிரதி டிஃப் கோப்பாக இருக்கட்டும். 1992இல் வந்த ஜேபெக் இடத்தை மிச்சப்படுத்த, கண்ணுக்கு எளிதில் தெரியாத நுணுக்கங்களைக் கழித்துவிடும். திறந்து பார்ப்பதால் கெடாது. திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் போகும். மகனுக்கு மெயிலில் அனுப்ப ஜேபெக் போதும்.

கோப்புக்குப் பெயர் வைப்பதில் நம் பிரெஞ்சுப் பழக்கம் உதவாது. நாள், மாதம், வருடம் என்று எழுதினால் கணினி எல்லா முதல் தேதிகளையும் ஒன்றாக அடுக்கிவிடும். வருடத்தை முன்னால் போடுங்கள்: 1931-04-12, பிறகு ஆள் பெயர், பிறகு தாளின் வகை. பெயரைத் தாளில் உள்ள எழுத்திலேயே எழுதுங்கள், திருத்தாதீர்கள்.

என் தொசியே மொத்தம் 214 கோப்பு. ஒரு டிஸ்க் என் அலமாரியில், இன்னொன்று லாஸ்பேட்டையில் மகள் வீட்டில்.